சித்திரையில் மட்டும் துவைக்கும் ஸ்வெட்டர்

ஒரே மருந்து எத்தனை விதமான படிகமாக உறைகிறது, அதில் எது தண்ணீரில் சீக்கிரம் கரைகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கரையாத மருந்தை விழுங்கினாலும் ஒன்று, விழுங்காவிட்டாலும் ஒன்று. இந்த வேலையைக் கற்ற நாட்களை நினைத்தால் எனக்குப் புத்தகங்கள் ஞாபகம் வருவதில்லை, ஒருத்திதான் ஞாபகம் வருகிறாள்.

அவள் பழனிக்காரி. அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. நான் மலைமேல் குளிரூரான மன்னவனூர், வெள்ளைப்பூண்டு போடுகிற குடும்பம். மதுரையில் ஒரு கல்லூரியில் இருவரும் ஒரே மருந்தில் ஆய்வு செய்தோம். மேல்மாடியில் அவள் கண்டுபிடித்தது ஊசி ஊசியான படிகம், சட்டென்று கரையும். கீழே என் பங்குக்கு வந்தது தட்டையான படிகம், கரைய அழும். அதை நாள் முழுக்க அரைப்பேன். மதியம் ஆய்வக வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மேலே அவள் அறைக்குச் சாப்பிடப் போவேன்.

"ஆடு கணக்கா கம்பளியோட திரியிறியேடி, இது மதுரைடி!" என்பாள். ஏசி குளிருகிறது என்று பொய் சொல்வேன். உண்மையில் ஸ்வெட்டர் இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம். அந்த மதியங்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

திடீரென்று அவளுக்கு ஊசிகள் வருவது நின்றது. என்ன செய்தாலும் தட்டையாகவே உறைந்தது. "இன்னொரு தடவ செஞ்சு காட்டும்மா. முடியலேன்னா ஆய்வேட்டுலேருந்து அந்த அத்தியாயத்த எடுத்துரு," என்றார் எங்கள் நெறியாளர். முதலில் வந்ததே கட்டுக்கதை என்று ஆய்வகத்தில் முணுமுணுத்தார்கள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய்க்காரி ஆகிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கை கழுவ ஸ்வெட்டர் கையை மடித்தேன். மடிப்புக்குள் வெள்ளைத் தூள். நான் அரைக்கிற தட்டைப் படிகத்தின் தூள். பாலில் ஒரு சொட்டு உறைமோர் போதும், குடம் பாலும் தயிராகிவிடும். தட்டைப் படிகத்தின் ஒரு துகள் விழுந்தால் அந்த மருந்தும் அப்படித்தான், தட்டையாகவே உறையும். தினமும் கோட்டைத்தான் கழற்றினேன், ஸ்வெட்டரோடுதான் அவள் அறைக்குப் போனேன். எங்கள் ஊரில் ஸ்வெட்டரைச் சித்திரையில் ஒரு தடவைதான் துவைப்போம், மற்ற மாதங்களில் காயாது. மதுரை வெயிலிலும் அந்தப் புத்தி போகவில்லை.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? நாலு நாள் மறைத்தேன். ஐந்தாம் நாள் சொல்லிவிட்டேன்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"நாலு நாளா."

"அந்த நாலு நாளும் எங்கூட ஒக்காந்து சோறு தின்னியேடி," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் தூள் போகாத இடம் வேண்டும் என்று முடிவு செய்தாள். மன்னவனூரில் என் பெரியம்மா வீடு. அந்த வருஷம் அதுவரை நான் அங்கே போகவே இல்லை. மருந்தைப் பழனியில் கரைத்து, இரண்டு முறை வடிகட்டி, புது பாட்டிலில் மூடி எடுத்து வந்தாள்.

"வெள்ளனே குளிச்சிட்டு இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு உள்ள போ தாயி," என்று அவளிடம் சொன்ன பெரியம்மா, என் பக்கம் திரும்பினாள். "நீ வாசலோட நில்லு. ஒம்மேல என்னமோ ஒட்டிக் கெடக்காம்ல."

வாசலோடு நின்றேன். அவள் பாட்டிலை வெந்நீரில் சுடவைத்து, அந்தக் குளிரில் ஆறவிட்டாள். மறுநாள் காலை வாசலை ஒட்டிய மூடிய ஜன்னலுக்கு வந்து, பாட்டிலைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். அடியில் மெல்லிய வெள்ளை ஊசிகள். பிறகு எக்ஸ்ரே பார்த்து அது பழைய வடிவமேதான் என்று உறுதியானது, அத்தியாயமும் ஆய்வேட்டில் தங்கியது.

ஆனால் அந்தக் காலையில் சந்தோஷம் தாங்காமல் நான் கண்ணாடியில் கை வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பாட்டிலை மட்டும் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். செய்தது சரி, நானாக இருந்தாலும் இழுத்திருப்பேன். தெரிந்தும் வாசலில் நின்று அழுதேன்.