செம்மண் சுவரில் ஓர் உப்புப் பலகை

எங்கள் வீட்டு ஹாலைப் பார்த்தால் அங்கே உப்பளத்துக்காரர் குடும்பம் இருக்கிறது என்று யாராலும் சொல்லிவிட முடியாது. அம்மா அதற்காகவே பாடுபட்டிருந்தாள். தரைக்கு வெள்ளை டைல்ஸ், சுவருக்கு ரோஸ் பெயின்ட், கண்ணாடி ஷோகேஸுக்குள் பீங்கான் வாத்துகள், கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காத சோபா. உறை கிழிந்தால் டேப் ஒட்டுவாளே தவிரக் கழற்ற மாட்டாள். அப்பா வேலை முடிந்து வந்தால் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே வர வேண்டும். கால் கழுவி, சட்டை மாற்றி வந்த பிறகும் அவர் அந்தச் சோபாவில் உட்கார மாட்டார். டிவிக்கு எதிரே அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது.

அம்மா பார்த்துப் பார்த்து வீட்டைவிட்டு விரட்டிய சாமான்களைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்கி, சித்தி தன் ஹாலில் வைக்கிறாள் என்ற செய்தி, நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை லீவில் வந்தது. சித்தி அம்மாவின் தங்கை. வீடு எங்கள் மரக்காணத்துக்குத் தெற்கே குயிலாப்பாளையத்தில். சித்தப்பா டூரிஸ்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைந்த ஊர். நாமும் இரண்டு ரூம் விடலாமே என்று மாடி கட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் முதலில் கால் வைப்பது கீழே ஹாலில். அது கிராமத்து வீடு மாதிரி இருந்தால்தான் ஆள் வரும் என்று சித்தி கண்டுபிடித்திருந்தாள். அதற்கு ரஸ்டிக் ஸ்டைல் என்று பெயராம்.

"நாம தூக்கிப் போட்டதெல்லாம் அவளுக்கு ஸ்டைலு. நல்லா இருக்குது போ!" என்று அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஆணி அடிக்க, மரம் இழைக்க, எதையும் கோணாமல் மாட்ட அப்பாவுக்குக் கை வரும். அதனால் சித்தி அப்பாவைத்தான் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார். லீவுதானே என்று நானும் பின்னால் ஏறிக்கொள்வேன்.

முதல் தடவை அந்த ஹாலுக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்று விட்டத்திலிருந்து தொங்கியது. அதைச் சுற்றிப் பல்பு. பழைய கதவைப் படுக்கப் போட்டு, கண்ணாடி பதித்து டீப்பாய் ஆக்கியிருந்தார்கள். முறங்களை வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்தாள் சித்தி. "வண்டி எங்கம்மா?" என்று அப்பா சக்கரத்தைப் பார்த்துக் கேட்டார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பக்கச் சுவருக்குப் பெயின்ட் அடிக்காமல், ஆள் வைத்துச் செம்மண் பூசி, கையால் மெழுகின மாதிரி விட்டிருந்தார்கள். அந்தச் சுவரைப் பார்த்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அவ்வளவு அழகாக இருந்தது. எங்கள் ரோஸ் சுவரும் பீங்கான் வாத்துகளும் அந்த நிமிடமே எனக்கு அசிங்கமாகிவிட்டன.

ஆனால் ஹாலுக்காக மட்டும் நான் பொறாமைப்பட்டிருந்தால் அது ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

சித்தி மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. அப்பா வேலை செய்யும்போது அவள் ஏணிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "பெரியப்பா, கடல் தண்ணியே உப்புதானே, அப்புறம் எதுக்கு வெயில்ல போடணும்?" "பெரியப்பா, எப்ப வாரணும்னு எப்டித் தெரியும்?" அப்பா ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் போகப் போக எப்படிக் கனக்கும், உப்பு முதலில் மேலே ஆடை கட்டி அப்புறம் எப்படி அடியில் இறங்கும் என்றெல்லாம் சொன்னார். "உப்பு வார்ற பலகைய அழுத்தக் கூடாதும்மா. அழுத்துனா அடிச்சேறு கலந்துரும், உப்பு கறுத்துப் போயிரும். கை எடை தெரியணும்." சொல்லும்போதே ஏணியில் நின்றபடி கையால் வாரிக் காட்டினார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் நான்கு வார்த்தை சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். இந்த அப்பாவை இவள் எங்கிருந்து கொண்டுவந்தாள்? எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பாவிடம் எனக்கே தெரியாத ஒரு அறை இருந்து, அதை இவள் சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

இதில் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், கம்பெனியில் வேலை என்றுதான் சொல்லிவந்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்டால் பெரிய கம்பெனி என்பேன்.

மூன்றாவது ஞாயிறு அப்பா அவளுக்கு ஒரு பொம்மை செய்து கொடுத்தார். உப்பு வாரும் பலகையின் குட்டி. நீளமாக ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு. அவள் அதை வைத்துக்கொண்டு வாசல் மணலை வாரி வாரிக் குவித்தாள். அப்பா, "அழுத்தாத, அழுத்தாத" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனார். எனக்கு அப்படி ஒன்று அவர் செய்து தந்ததே இல்லை. தந்திருந்தால் அதை யார் கண்ணிலும் படாமல் கதவுக்குப் பின்னால் ஒளித்திருப்பேன். ஆனால் அந்த நியாயமெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை.

சித்திக்கு அந்தப் பொம்மையைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. செம்மண் சுவர் நடுவில் மாட்ட நிஜமான பலகை ஒன்று வேண்டும், உழைத்துத் தேய்ந்ததாக வேண்டும் என்றாள். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எங்கிட்ட ஒன்னு இருக்குதும்மா, குடுத்தனுப்புறேன்" என்றார். பிறகு சித்தி மகளைப் பார்த்து, "உப்பளத்து மரத்த அப்டியே வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. ரெண்டு மழைக்காலம் வெளிய கெடந்து நனையணும். உப்பு பூரா எறங்கணும். இல்லன்னா கடல் காத்துக்கு வேர்த்து வடியும்" என்று விளக்கினார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

எங்கள் கொல்லையில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று தென்னை மரத்தடியில் இரண்டு மழை நனைந்து வெளுத்துக் கிடந்தது. இன்னொன்று அந்த வருஷம்தான் அப்பா உப்பளத்தில் மாற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது. மழையே காணாதது, கொல்லைச் சுவரை ஒட்டிக் கூரை இறக்கிய சார்ப்புக்குள் சாய்த்து வைத்திருந்தது. புதன்கிழமை சித்தப்பா ஒரு லோடு ஆட்டோவை அனுப்பினார். அப்பா அதிகாலையிலேயே உப்பளத்துக்குப் போகும்போது என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்: "தென்ன மரத்துகிட்ட இருக்குது பாரு, அதக் குடு. சார்ப்புல இருக்குறதத் தொடாத."

ஆட்டோ வந்தபோது அம்மா ரேஷன் கடையில் இருந்தாள். நான் சார்ப்புக்குள் போனேன். பலகை கனத்தது. இழுத்துக்கொண்டுதான் வந்தேன். டிரைவர் எதுவும் கேட்கவில்லை. கயிறு போட்டுக் கட்டினார், போய்விட்டார். சுவர் கெட்டுப் போகட்டும், சித்தி மகள் மூஞ்சி தொங்கட்டும் என்று மனசுக்குள் நன்றாகவே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்ததாக இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

சாயங்காலம் சித்தி போன் செய்தாள். ஆசாரியை வைத்து அன்றைக்கே மாட்டியாயிற்றாம். "அய்யோ, என்னமா இருக்குது! வெடிப்புல எல்லாம் உப்பு இருந்து மின்னுதுக்கா. பல்பு போட்டா வைரம் மாதிரி தெரியுது" என்று அவள் கத்தியது அம்மாவின் போனிலிருந்து எனக்கே கேட்டது. நான் கெடுக்க நினைத்தது கூட அவர்களுக்கு அழகாகிவிட்டது. நல்லவேளையாக அம்மா போனில் கேட்டதை அப்பாவிடம் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டு வைரத்தைப் பற்றிப் பேச அவளுக்கும் மனசில்லை போலிருக்கிறது.

மூன்று நாள் வறண்ட மேற்குக் காற்று அடித்தது. சனிக்கிழமை காற்று திரும்பியது. கடல் பக்கத்திலிருந்து பிசுபிசுவென்று வந்து, உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து போட்டோ எடுக்கும் பையன் வருவதாக இருந்தது. ஆன்லைனில் போடுவதற்கு. அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். நாங்கள் போய் இறங்கியபோது வீடே சாவு விழுந்த மாதிரி இருந்தது. பலகைக்குக் கீழே செம்மண் சுவரில் கறுப்புக் கறுப்பாகத் தாரை இறங்கியிருந்தது. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்துப் பூச்சு பொருக்கு விட்டுப் பெயர்ந்துகொண்டிருந்தது. ஆணியிலிருந்து துரு ஒழுகியிருந்தது. போட்டோக்காரப் பையன் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அப்பா கிட்டே போய்ச் சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். இதோ சொல்லப் போகிறார், எல்லோர் எதிரிலும் என் மானம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"என் தப்புதாம்மா" என்றார் சித்தியிடம். "எடுத்துக் குடுக்கும்போது கவனிக்காம வுட்டுட்டேன்."

சித்தப்பாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "உப்புலயே பொறந்து வளந்தவரு நீங்க. உங்களுக்கே தெரியலன்னா எப்டி சகல?"

சித்தப்பா கேட்டதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை மூலையில் நின்றிருந்த சித்தி மகள் மெல்ல வாயைத் திறந்தாள். "பெரியப்பா, ரெண்டு மழ நனையணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. அந்த ஹாலில் அவளுடைய கேள்வி ஒன்றுக்கு அவர் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை. ஏணியைக் கொண்டுவந்து போட்டு, பலகையை இறக்கி, மூங்கில் கழியைத் தனியாகக் கழற்றினார். சுவரைத் தன் செலவில் பூசித் தருவதாகச் சொன்னார். சித்தி வேண்டாம் மாமா என்றாள். வேண்டாம் என்றவள் உட்காருங்கள் என்றோ காபி சாப்பிடுங்கள் என்றோ சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பலகையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குறுக்கே வைத்து நான் பிடித்துக்கொண்டேன். பொம்மையார்பாளையம் தாண்டி மெயின் ரோட்டில் வண்டி போய்க்கொண்டே இருந்தது. இப்போது திட்டுவார், அடுத்த வளைவில் திட்டுவார் என்று காத்திருந்தேன். உப்பு கசிந்து என் கைகளெல்லாம் நனைந்தன. முந்தைய நாள் விழுந்து சிராய்த்த இடத்தில் சுரீரென்றது. நான் கையை மாற்றி மாற்றிப் பிடிப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எரியுதா?" என்றார்.

"இல்லப்பா."

வண்டியை நிறுத்தி, ஒரு டீக்கடையில் தண்ணீர் வாங்கி என் கையைக் கழுவிவிட்டார். பலகையைத் தன் துண்டால் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பலகையைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில், வெளுத்த பலகைக்குப் பக்கத்தில் போட்டார். எதற்கு அதற்குள் வந்துவிட்டீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, வேலை முடிந்தது என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா எங்கும் போகவில்லை. காலையிலிருந்தே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிரியின் கோட்டையிலிருந்து அப்பாவை மீட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி வீடு முழுக்க நடந்தேன். பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். சித்தி மகள்.

"பெரியப்பா வரலயா இன்னிக்கி?" என்றாள். "சொவரு சரி பண்ணியாச்சு. அம்மாவுக்குக் கோவமெல்லாம் இல்ல. தண்ணி கனக்குறத எப்டிப் பாக்குறதுன்னு பாதியிலயே வுட்டுட்டாரு, வந்து சொல்லச் சொல்லு."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரையையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். அவருக்கே போகப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வேண்டாத இடத்திலிருந்து போன் வந்தால் பெரியவர்கள் அப்படித்தான் சும்மா இருப்பார்கள் என்பது என் புரிதல். ஜெயித்துவிட்ட தெம்பில் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் வரை அப்படியே இருந்தோம். அவரிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை.