ஐம்பது கோடு போட்ட தாள்

காலை ஐந்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி அடித்தது. பிராங்க்ளின் அவென்யூவில் பனி இன்னும் கரையாத மார்ச் மாதம். அக்கா ஆர்டிஸ் பெலாஞ்சர் தூக்கத்திலேயே போய்விட்டாள், இதயம் நின்றுவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். வயது நாற்பத்திரண்டு.

"கூட இருக்கறதுக்கு யாராவது இருக்காங்களாம்மா?" என்றாள் நர்ஸ்.

"இருந்தவதான் போயிட்டா" என்று தங்கை ட்வைலா போனை வைத்தாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, "பாவம், அந்தக் கேம் விவகாரத்துலதான் மனசு ஒடஞ்சு போச்சு அவளுக்கு" என்றாள்.

ட்வைலாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "மனசெல்லாம் ஒடையல. வேலையப் பிடுங்கினாங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க."

ஆர்டிஸ் ஒன்பது வருஷம் லேக் தெருவிலுள்ள பெரிய கடையில் வீடியோ கேம் விற்றவள். பழுது என்று திருப்பிக் கொண்டுவரும் பெட்டிகளில் பாதி, டிவியைக் கேமுக்கான மூன்றாம் சானலுக்கு மாற்றாததால் வந்த கோளாறுதான் என்று போனிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் வாடிக்கையாளர்கள் அவள் பேரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள்.

1982 நவம்பரில் அந்தக் கேம் கேசட் வந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒட்டியிருந்தார்கள். கம்பத்தில் கட்டிப்போட்ட ஒரு பூர்வகுடிப் பெண், அவளை நோக்கி ஒரு சிப்பாய். அம்புகளுக்குத் தப்பி அவளிடம் போய்ச் சேர்ந்து, அவளை அவன் என்ன செய்கிறானோ அதற்குத்தான் மதிப்பெண். குழந்தைகள் கண்ணில் படக்கூடாது என்று அதைக் கவுண்டருக்கு அடியில், ஆர்டிஸின் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். ஒஜிப்வே பூர்வகுடிக்காரி ஆர்டிஸ் கண்ணில் படலாமாம்.

மூன்றாம் நாள் ஒருவன் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான், ஆர்டிஸைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். "ஏம்மா, இது உன் படமா?" என்று சிரித்தான்.

ஆர்டிஸ் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள். "விக்கறதுக்கு இல்ல. போங்க."

மேனேஜர் ஹால்வர்சன் கூப்பிட்டனுப்பினார். "அது வெறும் புள்ளி ஆர்டிஸ். டிவில நாலு கட்டம். அங்க பொம்பளையே இல்ல."

"நாலு கட்டத்துக்கு எதுக்கு சார் தலையில இறகு?"

அவர் விதியைக் காட்டினார். ஒருத்தியின் மனக்குறையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது, பேட்டையில் ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டால் அனுப்பலாம் என்றார். திங்கட்கிழமை தாள் வரவேண்டும். இல்லையென்றால் அவள் அதை விற்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆர்டிஸ் ஒரு தாளில் ஐம்பது கோடு போட்டு எண் எழுதினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்காவும் தங்கையும் படியேறி இறங்கினார்கள். எல்லா வீட்டிலும் கோபம் பொங்கியது. ஒரு வீட்டிலும் பேனா எழும்பவில்லை. எல்லாரும் பூர்வகுடிகளுக்கான ஒயிட் எர்த் ஒதுக்குநிலத்து ஊர்க்காரர்கள். தாளைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

க்ளெம் மாமா கதவைப் பாதிதான் திறந்தார். "கையெழுத்தா? எங்கப்பன் ஒரே ஒரு தடவ பெருவிரல வெச்சான். எம்பது ஏக்கர் பைன் காடு போச்சு. என்கிட்ட இப்ப விரல் மட்டுந்தான் மிச்சம்."

"மாமா, இது நிலப் பத்திரம் இல்ல. கடைக்காரனுக்கு எழுதற புகார்."

"எங்கப்பன்கிட்டயும் அப்படித்தாண்டி சொன்னாங்க. நான் வரேன், நிக்கறேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிக்கறேன். தாள மட்டும் நீட்டாத."

படியிறங்கும்போது ஆர்டிஸ் எரிச்சலில் சிரித்தாள். "படிக்காத கூட்டம். நாளைக்கு என் வேலை போகும், இவங்க விரல் மட்டும் பத்திரமா இருக்கும்."

திங்கட்கிழமை கடை திறந்தபோது வாசலில் நாற்பத்து மூன்று பேர், தோளெல்லாம் பனி. ஆர்டிஸின் கவுண்டருக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கினார்கள். "இந்தப் பொண்ணு பேர் என்ன? எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்கள். பதிலுக்குக் காத்து நின்றார்கள். வேறு யாரும் எதுவும் வாங்க முடியவில்லை.

பதினோராவது ஆள் கேட்டுக்கொண்டிருந்தபோது ஹால்வர்சன் இறங்கி வந்தார். "தாள் எங்க?"

"தாள் இல்ல சார். ஆளுங்க இருக்காங்க, எண்ணிக்கோங்க."

"கையெழுத்து இல்லன்னா புகார் இல்ல. ஆளுங்களையா தபால்ல அனுப்புவேன்?"

"ஏன் சார்," என்றார் க்ளெம் மாமா, "ஊர்லேர்ந்து எங்கள உங்க சர்க்கார் ரயில்ல ஏத்தி இந்த நகரத்துக்கு அனுப்பிச்சுதே. தபால்தான் கஷ்டமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஹால்வர்சன் காது சிவக்கப் பெட்டிகளைப் பின்னறைக்கு எடுத்துப் போகச் சொன்னார். அன்று அவர்கள் ஜெயித்ததாகத்தான் நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை, வியாபாரத்துக்கு இடையூறு செய்ததாக ஆர்டிஸை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஒன்பது வருஷத்துக்கு ஒன்பது வரிக் கடிதம். அடுத்த வாரமே பெட்டிகள் கவுண்டருக்கு அடியில் திரும்பிவிட்டன. பத்திரிகையில் கேம் தயாரித்தவனின் பேட்டி வந்தது, படத்தோடு: இது பொழுதுபோக்கு, யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை. ஆர்டிஸைப் பற்றி "ஒரு பெண் ஊழியர்" என்று ஒரு வரி. நாற்பத்து மூன்று பேர் கேட்டும் அட்டையில் இருந்தவளுக்குப் பேர் கிடைக்கவில்லை. கேட்கவைத்தவளுக்குப் பேர் இருந்தது, அதையும் போடவில்லை.

அதற்குப் பிறகு ஆர்டிஸ் ஒரு சலவை நிலையத்தில் துணி மடித்தாள். நாலு மாதம்.

அக்கா போன அன்று சாயங்காலம் பின்முற்றத்தில் க்ளெம் மாமா நெருப்பு மூட்டினார். இறந்தவர் வழிநடக்கும் நான்கு நாளும் அது அணையக் கூடாது. அக்காவுக்கு உடுத்திவிட நீல உடுப்பை எடுக்க ட்வைலா அலமாரியைத் திறந்தாள். உடுப்புக்கு அடியில் நாலாக மடித்த தாள். ஐம்பது கோடு, ஐம்பது எண். இரண்டிலிருந்து ஐம்பது வரை வெறுமை.

முதல் கோட்டில் அக்காவின் சாய்ந்த எழுத்தில் "ஆர்டிஸ்" என்று மட்டும் இருந்தது. பெலாஞ்சர் என்பதை அவள் எழுதவில்லை; அவள் கையும் பின்னால் போயிருக்கிறது.