ஹெட்போனில் கேட்ட பேட்னி

1. ஊரில் எல்லோரும் நல்லது என்று சொன்ன விலை குறைந்த ஹெட்போன் ஒன்றை அக்கா வாங்கினாள்.
2. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கான பரீட்சை எழுதப் போனாள்.
3. அமெரிக்க டாக்டர் ஒருவர் கேசட்டில் பேசியதைக் கேட்டு, சொல் மாறாமல் தட்டச்சு செய்வதுதான் பரீட்சை.
4. டாக்டர் சொல்லாத ஒரு சொல்லை அக்கா தட்டச்சு செய்தாள். அது எங்கள் வீட்டுத் தறியில் புழங்கும் சொல்.
5. ஃபெயில்.
6. இன்னும் ஒரு முறை எழுதலாம், அதோடு சரி என்றார்கள்.

பழுதான சர்க்யூட் கைக்கு வந்தால், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் நடந்ததை வரிசைப்படுத்த வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் பழக்கியிருந்தார்கள். நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா அழுதுகொண்டு வந்த மாலையில் இப்படித்தான் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஆனால் வரிசையில் சேராத ஒன்று மிச்சமிருந்தது. அந்த ஹெட்போனை முதன்முதலாகக் காதில் வைத்தபோது நானே அசந்துபோயிருந்தேன். அதன்மேல் சந்தேகப்படுவது நன்றி கெட்ட செயலாகத் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைகளில் அவை கொத்துக் கொத்தாகத் தொங்கும். கறுப்பு வளையம், கறுப்பு ஸ்பாஞ்சு, பக்கத்தில் வெள்ளி எழுத்தில் ‘சூப்பர் பாஸ்’. அட்டைப்பெட்டியில் கம்பெனியின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பது மாறாது. காலேஜ் பஸ்ஸில் பாதித் தலைகளில் அதைப் பார்க்கலாம். “இதுக்கு மேல வெலை குடுக்கறவன் ஏமாளிமா,” என்று கடைக்காரர் சொல்வதை ஊரே நம்பியது.

அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முதலில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டோம். எத்தனையோ முறை டேப் ரெக்கார்டரில் கேட்டுத் தேய்ந்த பாட்டுதான். ஆனால் அதன் அடியில் ஒரு கிட்டார் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது. தபலாவின் ஒவ்வொரு அடியும் என் தாடைக்குள் விழுந்தது. பாட்டு என் தலைக்கு வெளியே இல்லை, நடுவில் இருந்தது. ஒரு காந்தம், நாணயத்தளவு பிளாஸ்டிக் தகடு, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்: உள்ளே இருப்பது இவ்வளவுதான் என்று நான் பாடத்தில் படித்திருந்தேன், படமும் வரைந்திருந்தேன். படம் வரைந்த எனக்கு அது இதைச் செய்யும் என்று தெரியாது.

அடுத்து அக்கா பயிற்சிக் கேசட்டைப் போட்டாள். ஒரு மனிதர் தொண்டையைச் செருமினார். காகிதம் புரண்டது. தூரத்தில் ஒரு கதவு மூடிக்கொண்டது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். மாமல்லபுரத்துக் கடலைத் தாண்டி எதையும் பார்த்திராத எனக்கு, அந்தக் கடலுக்கு அப்பால் ஒருவர் மூச்சை இழுப்பது கேட்டது. அந்த அறை எவ்வளவு பெரியது என்பதுகூடத் தெரிந்தது.

அம்மா வாங்கி வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சத்தமாக, ஹெட்போனைப் போட்டவர்கள் எல்லோரும் கத்துவதைப்போல, “பாவம்டீ, இருமறாரு. தண்ணி குடிக்கச் சொல்லு!” என்றாள்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் புதிதாக ஒரு சென்டர் திறந்திருந்தார்கள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், இங்கே பெண்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார்கள். அக்கா தாவரவியல் பட்டதாரி, விரல் வேகம் உண்டு. ஒருவர் காதில் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது என்பதால், பரீட்சைக்கு அவரவர் ஹெட்போனை அவரவர்தான் கொண்டுவர வேண்டும்.

வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைப் புடவை ஓடியது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் அந்தப் புடவைக்கு, நெய்கிறவர் தவிர பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஏந்தி ஓடும் நாடாவைத் தள்ளித்தர இன்னொருவர் வேண்டும். அந்த இடத்தில் இருந்த பெண் கல்யாணமாகி வாலாஜாபாத்துக்குப் போய்விட்டாள். தற்காலிகமாக அம்மா உட்கார்ந்திருந்தாள், தோள்வலியோடு. பொங்கலுக்குள் அக்காவுக்கு வேலை அமையாவிட்டால் அந்த இடம் அக்காவுக்கு. யாரும் அவளை மிரட்டவில்லை. அது தானாகவே அப்படித்தான் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்காவுக்கு மருந்துக்கடை மாடிதான் வேண்டியிருந்தது. அந்த டாக்டர்களின் இங்கிலீஷ் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. சாப்பிடும்போதுகூட நோய்களின் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பாள்.

ஃபெயிலான மாலையில் அவள் தறிக்கு முன்னால் வந்து நின்றாள். தறி ஓடிக்கொண்டிருந்தது.

“என்னாடி தப்பு பண்ண?” என்றாள் அம்மா.

“ஒரே ஒரு வார்த்தைதான்மா. பேட்னி.”

தறி நின்றது. “பேட்னியா?” என்றார் அப்பா. “அமெரிக்காவுல எவன்மா பேட்னி போடறான்?”

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது காதில் விழும் சொல் அது. புடவையின் உடல் முடிந்து வேறு நிற முந்தானை தொடங்கும் இடத்தில், பழைய பாவு நூலையும் புதிய பாவு நூலையும் இழைக்கு இழை சேர்த்து நெய்வதுதான் பேட்னி. இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகும் இடம்.

“அந்த டாக்டர் கிராஃப்ட்னாரு நைனா. கிராஃப்ட்னா ஒரு ரத்தக்கொழாய இன்னொண்ணோட சேத்துத் தெக்கறது. புஸ்தகத்துல படிச்சிகினுதான் போனேன். அப்புறம் தெளிவா பேட்னின்னாரு. சேக்கறதுதானே, கரெக்டாதான் இருக்குதுன்னு போட்டுட்டேன்.”

“ஜரிகை எத்தன இழைன்னு கேட்டியா?”

“சும்மா இருங்க,” என்றாள் அம்மா. “அவளே நொந்துகினு வந்துக்கிறா.”

டாக்டர் சொன்னது ‘பேட்டன்ட்’. குழாய் அடைப்பில்லாமல் திறந்திருக்கிறது என்று பொருள். அடுத்து ‘இன்’ என்று வந்தது. கடைசி ‘ட்’ காதில் விழாமல் இரண்டும் ஒட்டிக்கொள்ள, அக்காவுக்கு ‘பேட்னி இன்’ ஆகிவிட்டது. மற்றப் பெண்கள் அதற்குள் ‘பட்டுப்புடவை ஆபரேஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். சென்டரை நடத்திய மேடம் மட்டும் சிரிக்கவில்லை. “கேக்கலன்னா அந்த எடத்தக் காலியா விடு. நாங்க பாத்துக்கறோம். நீயா நெய்யாதம்மா,” என்று சொல்லி, கேட்டுப் பழகச் சொல்லி அந்தக் கேசட்டையே கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

“என் காதுதான் சரியில்ல,” என்றாள் அக்கா.

காதா, ஹெட்போனா, தறி வீட்டுப் பழக்கமா? அடுத்த நாள் நான் சோதிக்க உட்கார்ந்தேன். பொய் சொல்லாமல் சொல்கிறேன், ‘பேட்டன்ட்’ என்று தெரிந்த பிறகும் அந்த ஹெட்போனில் எனக்குப் பேட்னிதான் கேட்டது. டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரில் இரண்டும் இல்லாத ஒரு முனகல் கேட்டது. வீட்டில் இன்னொன்று இருந்தது. அப்பா தறியில் உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை கேட்கும் டிரான்சிஸ்டரின் ஒற்றைக் காது இயர்போன். கொசு பாடுவதைப்போல ஒலிக்கும். அதில் பாட்டுக் கேட்பவரை யாரும் மதிக்க மாட்டார்கள். அதைச் செருகிக் கேசட்டை ஓடவிட்டேன்.

“நைனா, கொஞ்சம் நிறுத்தறீங்களா?”

அப்பா மிதித்த காலை எடுக்காமல் தறியை நிறுத்தினார். வீடு அமைதியானது. டாக்டர் கொசுக்குரலில் பேசிக்கொண்டு வந்தார். கிராஃப்ட் வந்தது. அதற்குப் பிறகு, உளியால் வெட்டியதுபோல், ‘பேட்டன்ட்’. கடைசி ‘ட்’ ஒரு சிறிய துப்பலாக இருந்தது. மெலிந்த, ஆனால் சந்தேகமில்லாத துப்பல்.

அது எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது. டாக்டர் அதைச் சொல்லியிருந்தார், கேசட் அதைப் பிடித்து வைத்திருந்தது, ஊரே கொண்டாடிய ஹெட்போன் அதை மூடி வைத்திருந்தது. ஆண்குரலின் கனமெல்லாம் கீழ் ஒலிகளில் இருக்கிறது. ‘ட்’, ‘ஸ்’, ‘ஃப்’ எல்லாம் மேலே, நூலிழை போன்ற ஒலிகள். சூப்பர் பாஸ் கீழ் ஒலிகளை ஊதிப் பெரிதாக்கி மேலே உள்ளதை மூழ்கடித்துவிடுகிறது. இதில் ஏன் யாருக்கும் குறை தெரியவில்லை என்பதுதான் என்னை நீண்ட நேரம் அப்படியே உட்கார வைத்தது. பாட்டின் வரிகள் நமக்கு முன்பே தெரியும். விழுந்துபோன எழுத்தை மனமே போட்டுக்கொள்கிறது. அந்த ஹெட்போனின் புகழைக் கட்டியவர்கள் எல்லோரும் தெரிந்த சொற்களைக் கேட்டவர்கள். தெரியாத சொல் வந்தபோதும் அக்காவின் மனம் அதே வேலையைத்தான் செய்தது. கையில் இருந்த சொல்லை எடுத்து ஓட்டையை அடைத்தது. எவ்வளவு கச்சிதமாக அடைத்தது! பொருள்கூடப் பொருந்தியது.

ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு பரீட்சை எழுத முடியாது. கையால் பிடிக்காவிட்டால் அது விழுந்துவிடும், தட்டச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போய், கீழ் ஒலிகளைக் குறைத்து மேல் ஒலிகளை விடும் அளவில் கெப்பாசிட்டர் கேட்டேன்.

“எதுக்குமா?”

“ஹெட்போன்ல பாஸைக் குறைக்கறதுக்கு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “ஊர்ல இருக்கறவன்லாம் ஏத்திக் குடுன்னு வந்து நிக்கறான். நீ ஒருத்திதான்மா எறக்கச் சொல்ற. யார் மேல கோவம்?”

ஒவ்வொரு காதின் ஒயரிலும் ஒன்றாக வீட்டில் சால்டர் செய்தேன். டேப் சுற்றியதும் ஒயரில் இரண்டு முடிச்சு விழுந்ததுபோல் இருந்தது. அக்கா முதலில் பாட்டைப் போட்டாள். “ஐயய்யோ, பாட்டக் கொன்னுட்டியே. பித்தள குண்டானுக்குள்ள பாடறாரு.” பிறகு டாக்டரைப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிமிர்ந்தாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள்.

“‘ட்’ இருக்குதுபா!” என்றாள், ஹெட்போன் போட்டவர்களின் அதே கத்தலில். “எங்க போயிருந்துச்சு இது?”

பரீட்சையன்று மருந்துக்கடை வாசலில் காத்திருந்தேன். அக்கா படியிறங்கி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

“ஒரு எடத்துல நாடான்னாரு.”

“யாரு?”

“டாக்டர்தான். கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு. தறியில இருக்கறதெல்லாம் இந்தாளுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சு கேசட்டப் பின்னால ஓட்டற கால் பெடலை அமுக்கித் திரும்பக் கேட்டேன். ‘நாட் எ’. ‘ஒண்ணுகூட இல்ல’ன்னு சொல்றாரு. அடைப்பு ஒண்ணுகூட இல்லியாம்.”

“போட்டியா?”

“போட்டேன். வேற ஒரு எடத்துல சந்தேகமா இருந்துச்சு. காலியா விட்டுட்டேன்.”

அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் மேடம் முதலில் தலையசைத்தார் என்று பிறகு தெரிந்தது. ‘நாட் எ’ விஷயத்தில் என் கெப்பாசிட்டருக்குப் பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அமெரிக்க வாயில் அது எந்த ஹெட்போனிலும் நாடாதான். கேட்டதை நம்பாமல் திரும்பக் கேட்டது அக்கா.

இப்போது நிலைமை இது. அக்கா அந்தச் சென்டரில்தான் இருக்கிறாள், புதிதாக வருகிறவர்களின் தட்டச்சைத் திருத்துகிறாள். சென்டரே விலை உயர்ந்த ஹெட்போன் கொடுத்திருக்கிறது. வித்தியாசம் உண்டு, விலையளவுக்கு இல்லை என்கிறாள். தறியில் அம்மாவின் இடத்துக்குத் தென்னேரியிலிருந்து ஒரு பெண் வருகிறார். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சூப்பர் பாஸ் ஹெட்போன் கெப்பாசிட்டரோடு என்னிடம் இருக்கிறது, இடது பக்கம் பேசுவதில்லை. யாராவது அதை வாங்கலாமா என்று கேட்டால், தெரிந்த பாட்டைக் கேட்க வாங்கலாம் என்று சொல்கிறேன்.