சுவரைப் பார்த்த சோறு

கட்டுகஸ்தோட்டையில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா என்னை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைப்பார். எனக்கு மூக்கால் மூச்சுவிட வராது. வாய் எப்போதும் திறந்தே இருக்கும்.

“வாயப் பொளந்துக்கிட்டு எங்க சோத்தப் பாக்காதடி, வயித்து வலி வந்துரும்,” என்பார். யாருக்காவது வயிறு வலித்தால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு என்னை முறைப்பார்.

பதின்மூன்று வயதில்தான் ஒரு டாக்டர், மூக்குக்குப் பின்னால் வளர்ந்து அடைத்திருந்த அடினாய்டுச் சதையை வெட்டி எடுத்தார். மூச்சு வந்தது. ஆனால் அத்தனை வருடம் வாய் திறந்தே கிடந்ததில் முகம் நீண்டு, மேல்தாடை குறுகி, பல் முன்னே தள்ளிவிட்டது. அது அப்படியே நின்றுவிட்டது.

பிறகு நான் பேராதனை ஆஸ்பத்திரியில் தாதியானேன். ஒருநாள் பெரியம்மா தன் ஐந்து வயதுப் பேத்தியைக் கூட்டி வந்தார். அதே திறந்த வாய். பிள்ளைமேல் எனக்கு என்ன கோபம்? அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக் கொடுத்தேன். அவள் முகமாவது தப்பட்டும்.

பெரியம்மாவை மட்டும் நான் விடவில்லை. மத்தியானம் அவர் சோற்றுப் பார்சலைப் பிரித்ததும், எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாயை நன்றாகத் திறந்துகொண்டு அவர் சோற்றையே பார்த்தேன்.

“ஏம்மா இப்புடிப் பாக்குற?”

“சும்மாதான். நீங்க சாப்பிடுங்க பெரியம்மா.”

அவர் பார்சலைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.