கண்ணாடிக்கடை அக்காவும் கழுகுக்கண் மகளும்

மூக்குக்கண்ணாடி கோணிவிட்டது என்று அந்தக் கடைப் படியேறினால், அக்கா முதலில் கண்ணாடியைத் தொட மாட்டாள். ஆளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பாள். "போட்டுக்கிட்டே படுத்துத் தூங்குனீங்களா?" என்பாள். வந்தவர் அசடு வழிவார். அப்புறம்தான் சின்னத் திருப்புளியை எடுத்து ஒரு திருகு, காதுப் பக்கம் லேசாக ஒரு வளைப்பு. கண்ணாடி ஒழுங்காக உட்கார்ந்துவிடும்.

கை வேலை பார்க்கும்போது வாய் சும்மா இருக்குமா? அதுவும் குழந்தையோடு வருகிற அப்பா அம்மா கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "கேரட் கொடுத்தா கண்ணாடி நம்பர் இறங்கிடுமாங்க?" என்று ஒரு அப்பா கேட்டுவிட்டார். "தாராளமா கொடுங்க, உடம்புக்கு நல்லது. ஆனா கிட்டப்பார்வைன்னா கண்ணு முழி நீளமா வளர்ந்துடுறது. வளர்ந்த முழி கேரட்டுக்குப் பயந்து சுருங்குமா என்ன? புள்ளையை வெயில்ல விளையாட விடுங்க, அதுதான் கண்ணுக்கு நல்லது." கண்ணாடி போட்டால் நம்பர் ஏறும் என்று யாரோ சொன்னதாக ஒரு அம்மா இழுத்தாள். "யாரு சொன்னது? அந்த ஆளை இங்க கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்!" அந்த ஆள் இதுவரை வரவில்லை.

இந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. அக்காவின் மூக்கில் இருப்பதே தடித்த கண்ணாடிதான். சின்ன வயதில் அவளுக்குக் கண் தெரியவில்லை என்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. படிப்பு ஏறவில்லை, மந்தம் என்று விட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தபோது நம்பர் எங்கேயோ போயிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு ஒரே பெயர், சோடாபுட்டி. பெற்ற மகளுக்கு அந்த நம்பர் வந்துவிடக் கூடாது, வந்தாலும் தன்னுடையதுபோல் தறிகெட்டு ஓடக் கூடாது. அக்காவின் மனசுக்குள் ஓயாமல் ஓடிய பயம் இது ஒன்றுதான்.

மகளுக்கு ஒன்பது வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள், அத்தனை பொருத்தம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம், கதைப்புத்தகம், படம் வரைதல் எல்லாம் நடக்கும். அக்காவுக்கு அது பெரிய சந்தோஷம். ஆள் வராத நேரத்தில் அம்மாவும் மகளும் ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள்.

கல்லாவுக்கு எதிர்ச்சுவரில் கண் பார்க்கும் எழுத்து அட்டை மாட்டியிருந்தது. மாலையில் கண் டாக்டர் வந்து அங்கேதான் பார்ப்பார். பயந்து அழுகிற குழந்தை வந்தால் அக்கா வாலுவைத்தான் கூப்பிடுவாள். "பாரு, இந்த அக்கா எப்படிப் படிக்கிறான்னு!" வாலு போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேல்வரியிலிருந்து கடைசிப் பொடி வரிவரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அழுத குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும். "என் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு!" என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிப் பூரிப்பாள். சில நேரம் வாலு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவதுதான் அவளுடைய பொழுதுபோக்கே. இதுவும் அந்தக் கூத்தில் ஒன்று என்று அக்கா விட்டுவிட்டாள். பள்ளியில் குள்ளமானவர்களுக்கு முதல் பெஞ்சு, வாலுவும் குள்ளம். அங்கேயும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் டாக்டர் பழைய அட்டை மஞ்சளாகிவிட்டது என்று கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். சற்று நேரத்தில் ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண் ஒருத்தி அம்மாவின் புடவைக்குள் ஒளிந்தபடி வந்தாள். பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த வாலுவை அக்கா வழக்கம்போல நிறுத்தினாள். வாலு கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ப, ட, ம..."

ரெட்டைச்சடை புடவையிலிருந்து தலையை நீட்டியது. "இந்த அக்கா தப்புத் தப்பா படிக்கிறாங்க! அது 'ச'!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வாலு மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மகளின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"வாலு, ரெண்டாவது வரி என்னன்னு தெரியுதாடி?"

"பழசுன்னா எனக்குத் தெரியும்மா."

"பழசும் கண்ணுக்குத் தெரியாதா?"

"அது பாட்டு மாதிரி மனப்பாடம்தானேம்மா. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, வில்லை மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. "பயப்படாதீங்க. கண்ணாடி போடணும், புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் படிக்கணும், தினம் பகல் வெளிச்சத்துல ரெண்டு மணி நேரமாவது வெளியில இருக்கணும். ஆறு மாசத்துல மறுபடி பார்ப்போம். ரொம்ப ஏறினா வேற மருந்து இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "இதையெல்லாம் நான் போய் உங்ககிட்ட சொல்றேன் பாருங்க."

"சொல்லுங்க டாக்டர்," என்றாள் அக்கா. "இன்னைக்கு நான் கடைக்காரி இல்ல."

ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் வெயிலில் விளையாடவிடச் சொன்னவள், தன் பிள்ளையைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தாள்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் பக்கத்தில் இருந்தது தெரியவில்லையே என்று அழுதாள். அழுதுகொண்டே ஃப்ரேம் பெட்டிகளைத் திறந்தாள். ஆயிரம் முகத்துக்கு ஃப்ரேம் எடுத்துக் கொடுத்தவளுக்கு அன்றைக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. வாலுவே ஒரு கிளிப்பச்சையை எடுத்து மாட்டிக்கொண்டு, "இதான்" என்று முடித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் கடை மூடிவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் திறக்கும், டாக்டரும் இனி அப்போதுதான் வருவார். கதவில் ஒரு அட்டை: 'மைதானத்தில் இருக்கிறேன்.' வாடிக்கையாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு மைதானத்துக்கே வந்தார்கள். அக்கா மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து திருகு முடுக்கிக் கொடுப்பாள். வாலு பந்தின் பின்னால் ஓடுவாள். பச்சைக் கண்ணாடி வாரத்துக்கு ஒருமுறை வளையும், அக்கா நிமிர்த்துவாள். ஸ்டூலில் உட்கார்ந்து கதை பேசிய மகள் இப்போது கூப்பிட்டாலும் கிட்டே வருவதில்லை. அதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் ஓடட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் மறுபடியும் பார்த்தார். இந்த முறை பச்சைக் கண்ணாடியோடு, யாரும் பார்த்திராத வேறொரு அட்டை. அக்கா சுவரோரம் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாலு மேலிருந்து வரிவரியாக இறங்கினாள். ஒப்பிக்கவில்லை, நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"இது தெரியல டாக்டர்."

சொன்னவள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அம்மா, நிஜமாவே தெரியல. பரவாயில்லையா?"

நம்பர் கால் அளவுதான் ஏறியிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் காதில் அது பாதிதான் விழுந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை கண் தெரியவில்லை என்று சொல்வதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்கிறது. கழுகுக் கண்ணு, கழுகுக் கண்ணு என்று ஊரெல்லாம் சொன்னபோது இந்தப் பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு நின்றதோ! அக்கா பையைக் கீழே போட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லடி தங்கம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லு."

வாலு அந்த அணைப்புக்குள்ளிருந்தே அட்டையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு நிம்மதியாக, "அதுக்கு மேல் வரியிலயும் ஒண்ணு சரியா தெரியலம்மா," என்றாள்.