கறுப்பு வயர்

"இஞ்சாருங்கோ, அந்தக் கண்ணாடி கையைக் கடிக்குது," என்றபடி குளியலறையிலிருந்து வந்தார் ஞானேஸ்வரி. கையில் ஈரத்துணி.

"கண்ணாடி கடிக்குமோ? உம்மட முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கும்," என்றார் சிவநேசன்.

"பகிடியை விடுங்கோ. லைட்டை நூத்துப்போட்டுத்தான் துடைச்சனான். அப்பவும் சுர் எண்டது."

"நூத்தால் அதிலை கறண்ட் இல்லை. உமக்கு நரம்புத் தளர்ச்சி."

சாப்பாட்டு மேசையில் இருந்த மகள் வேணுகா மெல்லக் கேட்டாள். "அப்பா, ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்ப்பமோ?"

"அப்ப நான் ஆர், பிள்ளை?"



சாவகச்சேரியில் அவர் வயர்மன் சிவநேசன். இங்கே, சுவிஸின் ஷ்லீரனில், ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் தட்டுக் கழுவுகிறவர். ஊர்ச் சான்றிதழை இங்கே யாரும் ஏற்கவில்லை. ஆனால் தமிழர் வீடுகளில் பிறந்தநாளோ சாமத்திய வீடோ வந்தால், லைட் கட்ட அவரைத்தான் தேடுவார்கள். ஏணியில் ஏறியதும் கூனல் நிமிர்ந்துவிடும், குரலும் மாறிவிடும். போன மாரியில் தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைச் சுற்றி எல்.ஈ.டி. நாடா ஒட்டி, ஊதாவும் நீலமுமாக எரியவிட்டார். டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லையா என்று வேணுகா கேட்டபோது, "அது பழகுற பெடியளுக்கு," என்று சிரித்தார்.

இப்போது அம்மா குளிக்கப் போனால் வேணுகா கதவடியிலேயே நின்றாள். தண்ணீர் ஓடும் சத்தம் நின்றால், "அம்மா?" என்பாள். "என்னடி, குளிக்கவும் விடமாட்டியோ?" என்று பதில் வந்த பிறகுதான் மூச்சு வரும். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தாள். பிறகு, அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து எலெக்ட்ரீசியனை வரச் சொன்னாள்.

அன்று பார்த்து அப்பா வழமையை விட வெள்ளெனவே வந்துவிட்டார். கண்ணாடி சுவரை விட்டு இறங்கியிருந்தது. சுவிஸ்காரரான எலெக்ட்ரீசியன் வயர்களைப் பிரித்துப் பார்த்து டொச் எனப்படும் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். வேலையிடத்து டொச் மட்டுமே தெரிந்த சிவநேசன் மகளைப் பார்த்தார்.

"என்னவாம்?"

வேணுகாவுக்கு இரண்டு மொழியும் ஓடும். வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சை கறுப்புத்தான் லைவாம், அப்பா. நீலம்தான் நியூட்ரலாம்."

ஊரில் அவர் பழகிய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். அந்தப் பழக்கத்தில் கறுப்பை நேரே விளக்குக்குக் கொடுத்து, சுவிச்சை நீலத்தில் போட்டிருந்தார். விளக்கு நூர்ந்தாலும் கறுப்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருந்தது. வெந்நீர் ஆவி, டேப் சுற்றிய மூட்டுக்குள் புகுந்து, அதைக் கண்ணாடியின் உலோகச் சட்டம் வரை கொண்டு போயிருந்தது. மின்கசிவு கண்டால் தானே வெட்டிவிடும் சுவிச் இந்தப் பழைய கட்டிடத்தில் இல்லை. அம்மா ஈரக் காலோடு நின்று, மற்றக் கையால் குழாயையும் பிடித்திருந்தால் என்று தொடங்கிய எலெக்ட்ரீசியன் அதை முடிக்கவில்லை. மொழிபெயர்த்த வேணுகாவும் முடிக்கவில்லை.

சிவநேசன் சண்டை பிடிப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கறுப்பு வயரின் நுனியையே பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார்.

"அந்தோனிதாஸ் வீடு," என்றார்.

அந்தோனிதாஸ், லாங்கன்தால் ஊரில் இருக்கும் அவருடைய கூட்டாளி. நத்தார் பண்டிகைக்கு அங்கேயும் குளியல் தொட்டியைச் சுற்றி இதே லைட்டை சிவநேசன்தான் கட்டிக் கொடுத்தார். அந்தத் தொட்டியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். "எங்கட வயர்மன் கட்டினது" என்று அந்தோனிதாஸ் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம்.

சிவநேசன் போனை எடுத்தார். இலக்கம் திரையில் வந்தது. விரல் அதை அழுத்தவில்லை. போனை மகளிடம் நீட்டினார்.

"பிள்ளை, நீ கதை. முதலிலை மெயினை நிப்பாட்டச் சொல்லு. பிறகு, நான்தான் பிழையாக் கட்டினனான் எண்டு சொல்லு. என்ரை குரலைக் கேட்டால் அவன் பகிடி எண்டு நினைப்பான்."