ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன்

நான்கு வருடங்களுக்கு முன், கொக்குவிலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு தனியார் டொக்டரின் கிளினிக்கில் நடந்தது இது. பிள்ளைகளின் காய்ச்சலிலிருந்து மாமியின் முழங்கால் வலி வரை எங்களுக்கு எல்லாம் அவர்தான். அங்கே மருந்து கொடுக்கும் அறையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா நெடுங்காலமாக வேலை செய்தார். கணவரை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகளை அந்த வேலையை நம்பித்தான் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் என் கணவரின் பிரஷர் குளிசைகளை வாங்கி வந்து உறையைப் பிரித்தால், உள்ளே இருப்பவை மாமி நீரிழிவுக்கு, அதாவது சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசைகள் போலவே இருந்தன. மாமியின் உறையிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதேதான். கணவருக்குச் சீனி வருத்தமே இல்லை.

அடுத்த நாள் கொண்டுபோய்க் காட்டினேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“ரெண்டு போத்தலும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தது தங்கச்சி, மாறி எடுத்துப் போட்டன். டொக்டரிட்டைச் சொல்லிப் போடாதையுங்கோ. என்ரை வேலை போயிடும்.”

என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பிழை யாருக்குத்தான் வராது என்று நினைத்தேன். சரியான குளிசைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து மகளைக் காட்டப் போயிருந்தேன். தனியார் கிளினிக்குகளின் தரத்தையும் பாதுகாப்பையும் பரிசோதிக்கிற அதிகாரிகள் இரண்டு பேர் அன்று வந்திருந்தார்கள். ஊசி போடும் இடம், குளிர்சாதனப் பெட்டி, மருந்து அலுமாரி எல்லாம் பார்த்தார்கள். எங்கும் துப்புரவாகத்தான் இருந்தது. பிறகு ஒருவர் காத்திருந்தவர்களிடம் வந்து, என் முன்னால் நின்றார்.

“இங்கை மருந்து மாறித் தந்தது, அப்பிடி ஏதும் உங்களுக்கு நடந்திருக்கோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ. ஆரின்ரை வேலையையும் பறிக்கிறதுக்கில்லை, திருத்திறதுக்குத்தான் கேக்கிறன்.”

மருந்து கொடுக்கும் யன்னலுக்குள்ளிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீச்சீ, ஒரு குறையும் இல்லை” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட திருப்தியோடுதான் நான் வீடு வந்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். அடுத்த ஒழுங்கையில் ஒரு தையற்காரர் இருந்தார். என் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையெல்லாம் அவர் தைத்ததுதான். அவரும் அந்தக் கிளினிக்கில்தான் பிரஷருக்கு மருந்து எடுப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை, விரதம் என்று சாப்பிடாமல் குளிசையை மட்டும் போட்டிருக்கிறார். இரத்தத்தில் சீனி இறங்கி, கிணற்றடியில் மயங்கி விழுந்தார். உயிர் தப்பியது. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உறையை வாங்கிப் பார்த்தபோதுதான் அது சீனி வருத்தக் குளிசை என்று தெரிந்தது.

கேள்விப்பட்ட அன்றே டொக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவவுக்கு ரெண்டு கண்ணிலையும் வெண்புரை. போத்தல்லை இருக்கிற எழுத்தே தெரியேல்லை. எனக்கும் இப்பதான் தெரியும். அது என்ரை பிழையும்தான். ஆனா நீங்கள் அண்டைக்கே சொல்லியிருந்தா ஒப்பரேசனுக்கு அனுப்பியிருப்பன். சுகமாகி வந்து வேலை செய்திருப்பா.”

அவர் கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா அதற்குள் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்.

தையற்காரர் வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையோடு கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “சரி, நடந்தது நடந்திட்டுது” என்று மட்டும் சொன்னார். அவருடைய மனைவிதான் என்னை நேரே பார்த்தார்.

“உங்கடை மனுசன்ரை குளிசையை மட்டும் மாத்திக்கொண்டு வந்திட்டியள், என்ன?”

சொல்லிவிட்டு உள்ளே போய், எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதை எப்படிக் குடித்து முடித்தேனோ தெரியாது.

அந்தக் கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. அவர் தையலை விட்டுவிட்டார். யாராவது என்னை இளகிய மனசுக்காரி என்று சொன்னால் இப்போதும் எனக்குக் கூசுகிறது; அன்று அந்த அதிகாரிக்கு முன்னால் ஒரு நிமிடம் நான் அக்காவுக்குக் கெட்டவளாகியிருக்கலாம்.